தீராத தவணையும் திரும்பி வரும் காரும்

தவணை பாக்கியிருக்கும் காரைக் கடையிலேயே கொடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு காரை எடுத்துக்கொண்டு போகும் வழக்கம் அமெரிக்காவில் 1920களில் வேர்பிடித்தது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத காரை மாற்றலாமா என்று யோசிப்பவர் இரண்டு தொகைகளைத்தான் எடைபோட வேண்டும். அந்தக் கார் இன்று என்ன விலைக்குப் போகும்? அதன்மேல் இன்னும் எவ்வளவு கடன் நிற்கிறது? விலை கூடுதலாக இருந்தால் மிச்சம் கைக்கு வரும். கடன் கூடுதலாக இருந்தால் கைக்காசு போட வேண்டும், அல்லது அந்தப் பாக்கியைப் புதுக் கடனோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு தொகைகளும் வாங்குபவர் கண்ணில் தெளிவாகப் படுவதற்குள் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது.

தொடக்கத்தில் கார் ரொக்கச் சரக்கு. 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் 850 டாலருக்கு வந்தது. 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த விலையையும் மொத்தமாக எடுத்து வைக்க முடியாதவர்கள் ஏராளம். காரை ஆடம்பரப் பொருளாகப் பார்த்த வங்கிகள் அதற்குக் கடன் தரத் தயங்கின. இந்த இடைவெளியில்தான் 1919இல் ஜெனரல் மோட்டார்ஸ் தனக்கென்று ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்கியது. சுருக்கமாக ஜிஎம்ஏசி என்று அழைக்கப்பட்ட அந்த நிறுவனத்துக்குப் பின்னால் இருந்தவர் நிதிப் பொறுப்பைக் கவனித்த ஜான் ராஸ்கோப். விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் முன்பணம், மீதியை ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் மாதாமாதம் அடைப்பது என்பது அன்றைய நடைமுறை.

ஹென்றி ஃபோர்டுக்குக் கடன் என்றாலே ஆகாது. 1923இல் அவர் கொண்டுவந்த திட்டம் நம் ஊர் நகைச்சீட்டை நினைவூட்டும். வாடிக்கையாளர் வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வர வேண்டும். முழுத் தொகையும் சேர்ந்த பிறகுதான் கார். எதிரே இருக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கடையில் முன்பணம் கட்டிய அன்றே வண்டியை ஓட்டிப் போகலாம் என்ற நிலையில் இந்தத் திட்டம் தேறவில்லை. 1928இல் ஃபோர்டும் ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

தவணை புதியவர்களைக் கடைக்கு இழுத்தது என்றால், பழைய காரைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே வாங்கியவர்களைத் திரும்ப இழுத்தது. 1927 வாக்கில் அமெரிக்கச் சந்தையில், முதன்முறையாகக் கார் வாங்குவோரைவிட இருக்கும் காரை மாற்றுவோர் அதிகமாகிவிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃப்ரெட் ஸ்லோன், 1960களில் வெளியான தன் நினைவு நூலில், கார்ச் சந்தையைப் புரட்டிப்போட்ட நான்கு காரணங்களைச் சொல்கிறார்: தவணை விற்பனை, பழைய காரைக் கழித்தல், மூடிய உடலமைப்பு, ஆண்டுதோறும் புது மாடல். முதல் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கழித்துக்கொள்ளும் பழைய கார் முன்பணமாக நின்றது. மீதிக்குத் தவணை ஓடியது. கையில் சல்லிக் காசு இல்லாமலே புதுக் காரில் வீடு திரும்பலாம்.

இதில் முதலில் அடிபட்டவர்கள் விற்பனையாளர்கள்தான். புதுக் கார் ஒன்று போக வேண்டுமானால் பழைய கார் ஒன்று உள்ளே வர வேண்டும். அதை விற்க இன்னொரு பழைய காரை எடுக்க வேண்டும். கடைசியாக வரும் ஓட்டை வண்டி யார் தலையில் விழும் என்பதே அவர்களுடைய கவலை. போட்டிக்காகப் பழைய காருக்கு மதிப்பைக் கூட்டிக் கொடுத்தவர்கள் புதுக் காரில் வந்த லாபத்தைப் பழைய காரில் விட்டார்கள். எந்தக் காருக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதற்குப் பொதுவான அளவுகோல் தேவைப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் பழைய கார் வியாபாரம் செய்த லெஸ் கெல்லி, தான் வாங்க விரும்பும் கார்களையும் அவற்றுக்குத் தான் கொடுக்கத் தயாரான விலைகளையும் ஒரு பட்டியலாக்கி மற்ற வியாபாரிகளுக்கு அனுப்பிவந்தார். 1926இல் அது ‘கெல்லி ப்ளூ புக்’ என்ற கையேடாக வந்தது. நெடுங்காலம் அது வியாபாரிகளின் கையில் மட்டும் இருந்த புத்தகம். காரைக் கொண்டுவந்து நிறுத்துபவர் பார்க்கக் கிடைக்காது. மேசையின் இந்தப் பக்கம் இருப்பவருக்கு மட்டும் தெரிந்த விலையைத்தான் அந்தப் பக்கம் இருப்பவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றைய தவணை கடுமையானது. அந்தக் கடுமையிலேயே ஒரு பாதுகாப்பும் இருந்தது. முன்பணம் கனமாகவும் காலம் குறுகியதாகவும் இருந்ததால், காரின் விலை சரியும் வேகத்தைவிடக் கடன் வேகமாகக் கரைந்தது. நான்கைந்து மாதம் கட்டியவருக்கே காரில் கணிசமான பங்கு சேர்ந்துவிடும். ஒரு தவணை தவறினாலோ அந்தப் பங்கு முழுவதும் பறிபோகும். காரை இழுத்துப் போகும் கடன் நிறுவனம் மிச்சத்தைத் திருப்பித் தராது. பெருமந்தத்தின் தொடக்கத்தில், 1930இல், அமெரிக்கக் குடும்பங்கள் காரைக் கைவிடாமல் மற்றச் செலவுகளைச் சுருக்கியதற்கு இதுவே காரணம் என்பது பொருளியல் வரலாற்றாய்வாளர் மார்த்தா ஓல்னியின் வாதம். தவணையைக் காப்பாற்ற மக்கள் கடைவீதியைக் கைவிட, மந்தம் இன்னும் ஆழமாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசே தவணையின் அளவை வகுத்தது. 1941 செப்டம்பரில் மத்திய ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ‘ஒழுங்குமுறை டபிள்யூ’ காருக்கு மூன்றில் ஒரு பங்கு முன்பணம், அதிகபட்சம் 18 மாதம் என்று வரம்பு கட்டியது. விட்டுவிட்டு அமலில் இருந்த இந்த விதி 1952இல் முடிவுக்கு வந்தது. பிறகு தடுப்பார் இல்லை. விற்பனை உச்சம் தொட்ட 1955இல் 36 மாதத் தவணை சாதாரணமாகிவிட்டது. மாதத் தொகை இறங்கியதைக் கண்டு வாங்குபவர் மகிழ்ந்தார். முதல் வருடத்தில் காரின் விலை கடனைவிட வேகமாக விழத் தொடங்கியதை அவர் கவனித்திருக்க வாய்ப்பில்லை. மாற்ற நினைத்த அன்றுதான் தெரிந்தது.

அன்றுகூட முழுதாகத் தெரியவிடாத ஒரு தந்திரம் கடைகளில் இருந்தது. புதுக் காரின் விலையை முதலில் ஏற்றிவைத்து, பழைய காருக்கு அதே அளவு கூட்டிக் கொடுப்பது. ஓர் உதாரணம். புதுக் காரின் நியாய விலை 2,400 டாலர்; பழைய கார் 600 பெறும். கொடுக்க வேண்டிய வித்தியாசம் 1,800. கடைக்காரர் புதுக் காரை 2,800 என்று சொல்லி, பழையதற்கு 1,000 கொடுத்தாலும் வித்தியாசம் அதே 1,800தான். ஆனால் 600 பெறும் காருக்கு 1,000 வாங்கிவிட்டோம் என்ற பூரிப்பில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார். இப்போது அந்தப் பழைய காரின்மேல் 900 டாலர் கடன் பாக்கி என்று வைத்துக்கொண்டால் விளையாட்டு இன்னும் நுட்பமாகும். உண்மையில் அவர் 300 டாலர் பள்ளத்தில் இருக்கிறார். காகிதத்திலோ 1,000இல் 900 கடனுக்குப் போக, 100 டாலர் முன்பணம் கட்டியவராகத் தெரிகிறார். புதுக் கடன் 2,700. அந்த 2,700க்குள் முந்தைய காரின் 300 டாலர் பள்ளம் புதைந்திருப்பது எந்த வரியிலும் எழுதப்படவில்லை.

ஓக்லஹோமாவைச் சேர்ந்த செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டம், தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலையை ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒட்ட வேண்டும் என்றது. அந்தச் சீட்டை அமெரிக்கர்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். விலையை ஏற்றிக் காட்டுவது கடினமாயிற்று. கழிவு மதிப்பும் கடன் பாக்கியும் வழக்கம்போல் பேரத்திலேயே நின்றன.

கடன் பாக்கியைக் கணக்கிட்ட முறையிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. ‘78 விதி’ என்பது அதன் பெயர். 1 முதல் 12 வரை கூட்டினால் 78 வருவதால் அந்தப் பெயர். 12 மாதக் கடனின் மொத்த வட்டியை 78 பங்காக்கி, முதல் மாதத்துக்கு 12 பங்கு, இரண்டாம் மாதத்துக்கு 11 பங்கு என்று இறங்குவரிசையில் எடுத்துக்கொள்வார்கள். 36 மாதக் கடனென்றால் மொத்தம் 666 பங்கு. முதல் 12 மாதத்திலேயே 366 பங்கு, அதாவது மொத்த வட்டியில் 55 விழுக்காடு போய்விடும். கடைசித் தவணை வரை கட்டுபவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இடையில் காரை மாற்றுபவருக்குத்தான் இடி: குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் வருவதைவிடப் பாக்கி கூடுதலாக நிற்கும். கடனின் உண்மையான வட்டி விகிதத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. 61 மாதத்துக்கு மேற்பட்ட கடன்களுக்கு 78 விதி கூடாது என்ற தடை வர 1992 ஆயிற்று.

அதற்குள் தவணைக் காலம் 60 மாதத்தைத் தொட்டிருந்தது. இப்போது 72, 84 மாதங்களும் அமெரிக்காவில் புதுமையல்ல. கடன் விலையை மிஞ்சி நிற்பதை அங்கே ‘தலைகீழாக நிற்பது’ என்பார்கள். கணக்கு எதிர்த்திசையில் திரும்பிய காலமும் உண்டு. கொரோனா காலத்தில் சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார்கள் கிடைக்காமல் போக, 2021 ஜூனில் அமெரிக்காவில் பழைய கார்களின் விலை முந்தைய ஆண்டைவிட 45 விழுக்காடு ஏறியிருந்தது. முந்தைய வருடம் வாங்கியவர்களில் பலர் வாங்கிய விலைக்கும் மேலேயே மாற்றினார்கள். உச்ச விலையில் வாங்கியவர்கள் பின்னால் விலை இறங்கியபோது பள்ளத்தில் மாட்டினார்கள்.

பிரிட்டனிலும் அதன் சட்டத்தைப் பின்பற்றிய நாடுகளிலும் இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் முடிச்சு ஒன்று கூடுதலாக இருந்தது. அங்கே பரவியது நம்மவர்கள் ‘ஹெச்பி’ என்று சொல்லும் வாடகைக் கொள்முதல். கடைசித் தவணை வரை பொருள் நிதி நிறுவனத்தினுடையது. வாங்கியவர் வாடகைதாரர் மட்டுமே. இதை உறுதிசெய்த 1895ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு பியானோவைப் பற்றியது. தவணையில் எடுத்த பியானோவை ஒருவர் அடகுக் கடையில் வைத்துவிட, ஹெல்பி என்ற உரிமையாளர் மேத்யூஸ் என்ற அடகுக்காரரிடமிருந்து அதை மீட்டார். பிரபுக்கள் சபை உரிமையாளர் பக்கம் நின்றது. அப்படியானால் தவணை தீராத காரை மாற்றுவது அடுத்தவர் பொருளை விற்பதற்குச் சமம்.

இந்தியாவில் இந்த முறை பெருகியதில் சென்னைக்குப் பெரிய பங்குண்டு. 1954இல் டி.எஸ். சந்தானம் இங்கே தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் லாரி, பஸ் முதலாளிகளுக்கு ஹெச்பி கொடுத்து வளர்ந்தது. 1972இல் இயற்றப்பட்ட வாடகைக் கொள்முதல் சட்டம் ஒருநாள்கூட அமலாகாமல் 2005இல் நீக்கப்பட்டது. அதுவரை ஒப்பந்தப் பத்திரமும் ஆர்.சி. புத்தகத்தில் விழும் ஹெச்பி முத்திரையுமே நடைமுறையை நடத்தின. அந்த முத்திரை இருக்கும்வரை நிதி நிறுவனத்தின் சம்மதமில்லாமல் வண்டி பெயர் மாறாது.

உரிம ஆட்சிக் காலத்தில் காரை மாற்றலாமா என்ற கேள்வியே இங்கே வேறு. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கைக்குக் கிடைத்த கார் வாங்கிய விலைக்கு மேலே ‘பிரீமியம்’ வைத்துப் போகும். 1993இல் கார்த் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்றாகி, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்த காலத்தில் காத்திருப்பு ஒழிந்தது. புதுக் கார் ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விலை இறங்கும் என்பது இந்தியர்கள் புதிதாகக் கற்ற பாடம். 2001இல் மாருதி ‘ட்ரூ வேல்யூ’ என்ற பெயரில் பழைய கார் வியாபாரத்தில் இறங்கியதோடு எக்ஸ்சேஞ்ச் என்ற சொல் வீட்டுப் பேச்சுக்குள் வந்தது.

கணக்கில் இடறுவதற்கு இங்கே ‘ஃபிளாட்’ வட்டி துணைநின்றது. ஒரு லட்சம் கடன், 10 விழுக்காடு ஃபிளாட், 36 மாதம். வட்டி 30,000, மாத டியூ 3,611. குறையும் அசலுக்குப் பார்த்தால் இது ஏறக்குறைய 18 விழுக்காடு. ஒரு வருடம் டியூ தவறாமல் 43,333 ரூபாய் கட்டியவர், மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தது, பாக்கி 66,667 என்று நினைப்பார். 78 விதிப்படி அதில் 16,486 வட்டிக்குப் போய், அசல் 73,153 அப்படியே நிற்கும்.

அதனால் எக்ஸ்சேஞ்சுக்கு வண்டியைக் கொண்டுவருபவரிடம் ஷோரூம்காரர் முதலில் கேட்பது முன்கூட்டிக் கடன் முடிப்பதற்கான தொகை போட்ட கடிதத்தை. அசல் பாக்கி, அன்றைய தேதி வரையிலான வட்டி, முன்முடிப்புக் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். தேதி தாண்டினால் தொகை மாறும். அதைக் கட்டிய பிறகு நிதி நிறுவனம் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட 35ஆம் எண் படிவமும் தரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தப் படிவம் ஏறி ஹெச்பி நீங்கிய பிறகே 29, 30 படிவங்களில் வண்டி அடுத்தவர் பெயருக்குப் போகும்.