சாவி ஏன் என் கைக்கு வந்தது? ஒரு சாம்பல் நிற அட்டையின் கதை

இந்த வார எபிசோடு ஒரு வாடகைக் கார் கவுன்டர்ல ஆரம்பிக்குது.

நானும் என் காலேஜ் நண்பனும் ஜப்பான் போயிருந்தோம். அவன் வேலைக்காக ஜெர்மனில செட்டில் ஆனவன், லைசென்ஸும் அந்த ஊருதுதான். நான் சென்னைலேர்ந்து போனேன். சப்போரோல கார் எடுத்து ஊர் சுத்துறதா பிளான். ரெண்டு பேர்கிட்டயும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இருந்தது. அவனோடது மூணு வருஷம் செல்லும், என்னோடது ஒரே வருஷம். கவுன்டர்ல இருந்தவங்க ரெண்டையும் திருப்பிப் பாத்தாங்க. தேடினது எங்க போட்டோவை இல்ல, அதுல அச்சடிச்சிருந்த வருஷத்தை. என்னோடதுல 1949. அவனோடதுல 1968. சாவி என் கைக்கு வந்தது. ஆட்டோபான்ல தினமும் ஓட்டுற ஆளு பக்கத்து சீட்ல உக்காந்தான்.

ஏன் இப்படின்னு தேடப் போனா, கதை நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகுது.

கார் வந்த புதுசுல ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. பிரிட்டனையே எடுத்துக்குவோம். 1903 சட்டப்படி அங்க லைசென்ஸ் கட்டாயம். ஆனா 5 ஷில்லிங் கட்டினா போதும், ஓட்டிக் காட்ட வேண்டியதில்ல. புதுசா ஓட்டுறவங்களுக்கு டெஸ்ட் கட்டாயமானதே 1935லதான். அப்படி ஒரு லைசென்ஸோட பிரான்ஸுக்கு வர்றவரை அந்த நாடு எப்படி நம்பும்?

அதுக்கு விடையா வந்ததுதான் 1909 அக்டோபர் 11 அன்னைக்கு பாரீஸ்ல கையெழுத்தான ஒப்பந்தம். எல்லை தாண்டி ஓட்டணும்னா 18 வயசு ஆகியிருக்கணும், ஓட்டத் தெரியும்னு நிரூபிச்சிருக்கணும். அரசோ, அரசு அனுமதிச்ச சங்கமோ அதைச் சோதிச்சு ஒரு சான்றிதழ் கொடுக்கும். ஒரு வருஷம் செல்லும். மேடு, வளைவு, சாலை சந்திப்பு, ரயில்வே கிராசிங்னு நாலே நாலு எச்சரிக்கைப் பலகைகளையும் அதே ஒப்பந்தம் எல்லாருக்கும் பொதுவாக்குச்சு. இன்னைக்கு நாம ரோட்ல பாக்குற படப் பலகைகளுக்கு அதுதான் ஆரம்பப் புள்ளி.

1909 சான்றிதழ்ல காரும் டிரைவரும் ஒரே காகிதத்துல இருந்தாங்க. 1926ல பாரீஸ்லயே போட்ட அடுத்த ஒப்பந்தம் ரெண்டையும் பிரிச்சுது. காருக்குத் தனி, ஆளுக்குத் தனி. டிரைவிங் பெர்மிட் தனி ஆவணமா நின்னது அப்பதான்.

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஐ.நா. வந்தது. 1949 செப்டம்பர் 19, ஜெனீவா ஒப்பந்தம். அட்டையோட நிறத்துலேர்ந்து உள்ள என்ன எழுதணும்ங்கிற வரைக்கும் மாதிரி போட்டுக் கொடுத்தாங்க. இந்தியா இதுல சேர்ந்தது, ஜப்பானும் 1964ல சேர்ந்தது. 1968ல வியன்னால இன்னொரு ஒப்பந்தம் வந்தது. அதுல பெர்மிட் மூணு வருஷம் வரைக்கும் செல்லும். நோக்கம் என்னவோ பழசுக்குப் பதிலா புதுசுதான். ஆனா எல்லாரும் மாறல.

நம்ம பாஷைல சொன்னா, வெர்ஷன் ஒன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே வெர்ஷன் டூ ரிலீஸ் ஆயிடுச்சு. பாதிப் பேர் அப்டேட் பண்ணவே இல்ல. ஜப்பான் 1949ல மட்டும் இருக்கு. ஜெர்மனி அதுல இல்லவே இல்ல, 1968ல இருக்கு. இந்தியா 1949ல இருக்கு. என் நண்பன் எவ்வளவு நல்லா ஓட்டுவான்னு யாரும் கேக்கல. ரெண்டு நாடும் ஒரே காகிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கான்னுதான் கேட்டாங்க.

பிரிட்டன் கதை இன்னும் சுவாரஸ்யம். 1968லயே கையெழுத்துப் போட்டுட்டு, அதை உறுதி செஞ்சது 2018ல. ஐம்பது வருஷம்! பிரெக்ஸிட் வந்து, ஐரோப்பாவோட ஒப்பந்தமே இல்லாம வெளிய வர நிலைமை வருமோன்னு பயம் வந்தப்பதான் அவசரம் பிறந்தது. அப்படி ஆனா பிரான்ஸ் வழியா ஸ்பெயினுக்குக் கார்ல போறவர் ரெண்டு பெர்மிட் எடுத்துக்கணும்னு அரசே சொல்லிச்சு. பிரான்ஸுக்கு 1968, ஸ்பெயினுக்கு 1949.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மாதிரி ஒண்ணா இருந்தும் இங்க ஒவ்வொரு மாநிலமும் வேற வேற அளவுல, வேற வேற நிறத்துல அச்சடிச்சுக்கிட்டு இருந்தது. அதை வெளிநாட்டுல காட்டினவங்க சிரமப்பட்டாங்க. 2022 ஆகஸ்ட்ல மத்திய அரசு நாடு முழுக்க ஒரே வடிவம்னு அறிவிச்சுது. லைசென்ஸோட இணைக்க ஒரு கியூஆர் கோடும் சேர்ந்தது. அதுக்கு முந்தின வருஷம் இன்னொரு மாற்றம்: வெளிநாட்டுல இருக்கும்போது பெர்மிட் காலாவதியானா, அங்க இருக்கிற இந்தியத் தூதரகம் வழியாவே விண்ணப்பிக்கலாம்.

கிளம்புற முன்னாடி மூணு விஷயம் பாத்துக்கோங்க. ஒண்ணு, போற நாடு எந்த ஒப்பந்தத்துல இருக்குன்னு பாருங்க. சீனா மாதிரி இந்தப் பெர்மிட்டையே ஏத்துக்காத நாடும் உண்டு. ரெண்டு, இது உங்க லைசென்ஸுக்கான மொழிபெயர்ப்பு மாதிரி. ஒரிஜினல் லைசென்ஸ் கையில இல்லன்னா இதுக்கு மதிப்பு இல்ல. மூணு, ஆன்லைன்ல 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்'னு விக்கிற கார்டுகளை நம்பாதீங்க. நமக்கு ஆர்டிஓ ஆபீஸ் கொடுக்கிறதுதான் செல்லும். செல்லாத பெர்மிட்டோட ஜப்பான்ல ஓட்டினா, லைசென்ஸே இல்லாம ஓட்டினதாத்தான் கணக்கு. விபத்து ஏதாவது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

நண்பனுக்கும் வழி இருந்தது. ஜெர்மன் லைசென்ஸை அங்கீகரிக்கப்பட்ட ஜப்பானிய மொழிபெயர்ப்போட காட்டினா ஜப்பான் ஏத்துக்குது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா வாங்கியிருப்பான். தெரியாததால, நாலு நாளும் மேப்பைப் பாத்து எனக்கு வழி சொல்லிக்கிட்டு வந்தான். நான் மெதுவா ஓட்டுறேன்னு இன்னைக்கும் புலம்புறான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.