கோல் காட்டும் கால் பங்கு



நம் வ.உ.சி. துறைமுகச் சாலையில் டேங்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் படுத்த உருளையாக, 12,000 லிட்டர் பிடிக்கும் ஒரு தொட்டி. அளவுகோலை விட்டால் விட்டத்தில் கால் பங்கு நனைகிறது. உள்ளே 3,000 லிட்டர் எண்ணெய் இருக்குமா? இருக்காது.

எண்ணெயின் குறுக்குவெட்டு ஒரு வட்டத்துண்டு. வட்டக்கோணப்பகுதியில் முக்கோணத்தைக் கழித்தால் அதன் பரப்பு கிடைக்கும்.

வட்டக்கோணப்பகுதிக்கு வழி நம்மிடம் முன்பே உண்டு. பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்கிறது காரி நாயனாரின் கணக்கதிகாரம். ஆரியபட்டரும் கி.பி. 499-ஐ ஒட்டி இதையே சொன்னார். முழு வட்டத்துக்குப் பதில் வில்லை எடுங்கள்: பாதி வில் × ஆரம்.

ஆரியபட்டர் இன்னொன்றும் செய்தார். சுற்றளவு 21,600 கலை என்றால் ஆரம் 3,438 கலை என்று வைத்தார். வில்லுக்கும் ஆரத்துக்கும் ஒரே அலகு! ரேடியனின் கருத்து இதுதான். ஒரு ரேடியன் ஏறக்குறைய 3,438 கலை. 'ரேடியன்' என்ற பெயர் அச்சில் வந்தது 1873-இல், பெல்பாஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் தயாரித்த தேர்வுத்தாளில்.

இப்போது நம் தொட்டி. ஆரம் 1 என்க. எண்ணெய் மட்டம் மையத்துக்கு அரை ஆரம் கீழே; எனவே மையக்கோணம் 120 பாகை, அதாவது 2.094 ரேடியன். அதன் சைன் 0.866. கழித்துப் பாதியாக்கினால் 0.614. முழு வட்டம் 3.142. விகிதம் 19.55 சதவீதம்.

அதாவது சுமார் 2,346 லிட்டர். கோலை மட்டும் நம்பி வாங்குபவர் 654 லிட்டருக்குச் சும்மா பணம் கொடுப்பார்.

"ரேடியன் எதற்கு?" என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.