தானே நேர்படும் பேரிங்: நெசவாலையிலிருந்து மின் ஃபோர்க்லிஃப்ட் வரை

சுவீடனின் கோதன்பர்க் நகரில் காம்லஸ்டாடன் நெசவாலை நின்றது களிமண் நிலத்தில். நிலம் இறங்க இறங்க, தறிகளை ஓட்டிய நீண்ட ஷாஃப்ட்டுகள் நேர்க்கோடு தவறின. பேரிங்குகள் சூடேறி உடைந்தன. மாற்றுப் பேரிங் வரும்வரை தறிகள் நின்றன. ஆலைப் பொறியாளர் ஸ்வென் விங்குவிஸ்ட் 1907இல் காப்புரிமை பெற்ற இரட்டை வரிசைப் பேரிங்கும், அதே ஆண்டு தொடங்கிய எஸ்.கே.எஃப். நிறுவனமும் இந்தத் தொல்லையின் விளைவுகள். வெளிவளையத்தின் உட்புறத்தை அவர் கோளத்தின் ஒரு பகுதியாகக் கடைந்தார். உள்வளையத்தை விரலால் அழுத்தினால் குண்டுகளோடும் கூண்டோடும் சேர்ந்து அது சாயும். ஷாஃப்ட் சற்றுச் சாய்ந்தாலும் பேரிங் இறுகாது, தானே நேர்படும். அந்தப் பிறப்புக் காரணத்தை மறந்துவிட்டு, அளவு பொருந்துகிறது என்பதற்காக மட்டும் இதை மின் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு உதிரிபாகமாக்குவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அளவு பொருந்துவது தற்செயல் அல்ல. துளை, வெளிவிட்டம், அகலம் ஆகியவை படிப்படியாகத் தரப்படுத்தப்பட்டு, இன்று ஐ.எஸ்.ஓ. 15 என்ற தரத்தில் நிற்கின்றன. எந்த நிறுவனத்தின் பேரிங்கையும் எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம் என்ற வசதி இதனால் வந்தது. ஆனால் 1206 என்ற தானே நேர்படும் பேரிங்கும் 6206 என்ற சாதாரண ஆழப்பள்ளப் பேரிங்கும் ஒரே அளவு: 30, 62, 16 மில்லிமீட்டர். கல்லாவில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சுமைக்கு அப்படியில்லை. ஆழப்பள்ளம் குண்டை அணைத்துப் பிடிக்கும். கோளப்பரப்பு ஒரு சிறு புள்ளியில் மட்டுமே தாங்கும். அதனால் சுழலும்போது சுமை தாங்கும் 6206இன் இயங்குதிறன் சுமார் 20 கிலோநியூட்டன், 1206இனுடையது 16ஐ ஒட்டியது. வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆய்வாளர்கள் லுண்ட்பெரியும் பால்ம்கிரெனும் 1947இல் வெளியிட்ட கணக்கின்படி குண்டுப் பேரிங்கின் ஆயுள் இந்தத் திறனின் மும்மடியைப் பின்தொடர்கிறது. ஒரே சுமையில் 1206இன் ஆயுள் ஏறக்குறைய பாதிதான்.

ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது, தரைக்குழி ஒவ்வொன்றும் சட்டத்தை முறுக்குகிறது, ஆகவே நேர்படும் பேரிங்தான் உகந்தது என்று சிலர் வாதிடலாம். சட்டம் முறுக்குவது உண்மைதான். ஆனால் அந்த முறுக்கு, இந்தப் பேரிங் உட்காரும் மோட்டாரின் குட்டையான ஷாஃப்ட்டுக்கு எட்டுவது அரிது. அதன் இரு முனைப் பேரிங் இருக்கைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி கடையப்படுபவை. சுமார் இரண்டரை பாகை சாயும் வசதிக்கு அங்கே வேலையில்லை. மாறாக, ஷாஃப்ட்டின் நுனியில் சாய்பற்சக்கரம் இருந்தால் பற்கள் சரியாகக் கடிக்க ஷாஃப்ட் விறைப்பாக நிற்கவேண்டும்; அச்சுவழித் தள்ளலையும் பேரிங் தாங்கவேண்டும். இரண்டிலும் 1206 பலவீனமானது. தூசி வேறு; அதைத் தடுக்க மூடியுள்ள பேரிங் வேண்டும். ஆனால் மூடியுள்ள நேர்படும் பேரிங் பெரும்பாலும் 2206 போன்ற அகலத் தொடரில்தான் வரும், அதன் அகலம் 20 மில்லிமீட்டர், 16க்கான இருக்கையில் அது உட்காராது.

நெசவாலையின் நீண்ட ஷாஃப்ட் போன்ற நிலைமை இருக்கும் இடத்தில், விசிறிகளிலும் கன்வேயர்களிலும், விங்குவிஸ்ட்டின் பேரிங் இன்றும் சிறந்தது. சாய்வோடு பெருஞ்சுமையும் வந்தால் அதற்கு 1919இலேயே பால்ம்கிரென் கோள உருளைப் பேரிங்கைத் தந்துவிட்டார். ஃபோர்க்லிஃப்ட் உதிரிபாகப் பட்டியலில் 6206 என்று இருக்கும் இடத்தில், கடையில் 1206 மட்டுமே இருந்தாலும், வாங்காதீர்கள்.