சுதேசிக் கப்பலும் பங்குக்காரர் சல்லியும்

வ.உ.சிதம்பரம்பிள்ளையின் கப்பலைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. அந்தக் கப்பலுக்குச் சல்லி போட்டவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பெயருக்குள் ஒரு கம்பனியின் கணக்கு முழுவதும் மறைந்து கிடக்கிறது.

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பனி 1906 ஒக்டோபர் 16இல் பதிவானது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியாக் கண்டத்தார் எவரும் வாங்கலாம் என்றிருந்தபடியால் இலங்கையருக்கும் கதவு திறந்தே இருந்தது. தலைவர் பாண்டித்துரைத் தேவர், செயலாளர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட், வ.உ.சி. உதவிச் செயலாளர். சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் கொடுத்தார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதி ஒரு முஸ்லிம் வணிகரின் காசு என்பதை நம்மட பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறோம்?

1907இல் 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி - கொழும்பு வழியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பனி கட்டணத்தை வெட்டியது. பல கடல்களில் உழைத்த அந்தக் கம்பனிக்கு ஒரு வழியின் நட்டம் பெரிதல்ல. சுதேசிக்கு அந்த ஒரு வழிதான் சீவன்.

இந்த நெருக்கடியில்தான் நிர்வாகிகளுக்கும் வ.உ.சி.க்கும் பிணக்கு முற்றியது. அவரது மேடைப் பேச்சால் அரசின் கோபம் கப்பல்மேல் விழும். அரசியலை விடட்டும் என்றனர் அவர்கள். இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட ஏலாது. பிறர் போட்ட காசு அமானிதம். ஆனால் மறுபக்கமும் உண்டு. சனங்கள் பங்கு வாங்கியதும் கப்பலேறியதும் சுதேசியம் என்ற அந்த அரசியலுக்காகவே. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கட்டணப் போட்டி மட்டும். அதில் வெள்ளைக்காரனை வெல்ல வழியில்லை.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார்; ஜூலையில் இரட்டை ஆயுள்தண்டனை. 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. காலியா, போட்டிக் கம்பனிக்கே விலைபோனது. 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கப்பலுமில்லை, கம்பனியுமில்லை.

அடக்குமுறைதான் கம்பனியைக் கொன்றது, அதில் ஐயமில்லை. எனினும் இலாபத்துக்கா, நாட்டுக்கா இந்தக் கம்பனி என்ற கேள்வியைப் பங்கு விற்ற நாளிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். யாவாரத்தில் ஊறிய நம்மட ஊரில் நாலுபேர் கூட்டாக முதல் போடும்போதும் பங்கு வீதத்தை எழுதிக்கொள்கிறோம், நோக்கத்தை எழுதுவதில்லை. நட்டம் வரும் நாளில் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.