பயனர், குழு, செயல்முறை அடையாளம் (இயங்குதளம்)

ஒரு கோப்பைத் திறக்கவும் திருத்தவும் அழிக்கவும் யாருக்கு உரிமை உண்டு என்று முடிவுசெய்ய, இயங்குதளம் பயனர்களுக்கும் குழுக்களுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கும் எண்கள் வழங்குகிறது. இவையே இங்கு அடையாளம் எனப்படுகின்றன. ஓடும் நிரலுக்குச் செயல்முறை என்று பெயர். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கேள்விக்கு உள்ளாவது எப்போதும் செயல்முறைதான். விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் யாரென்று இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் தெரியாது.

தேனி மாவட்டத்துப் பல வீடுகளுக்குள் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அத்திட்டத்தில், அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்காக அரசின் எல்காட் நிறுவனம் தொடக்கத்தில் வாங்கிய கணினிகளில் விண்டோஸ் 7-உடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். ஆக அம்மாவட்டத்தின் கூடலூரிலும் சின்னமனூரிலும் ஒரே வட்டில் இரண்டு அடையாள முறைகள் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன.

பெயரும் எண்ணும். முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள வழக்கம். ஒரே வகுப்பில் இரண்டு பென்னிகுவிக் இருந்தால் ஆசிரியர் தடுமாறலாம். கெர்னலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஒருவர் 1000, மற்றவர் 1001. டெபியன் குடும்பத்தில் மனிதப் பயனர்களின் வரிசை 1000-இல் தொடங்குகிறது. அதற்குக் கீழுள்ளவை அச்சுப் பணி, அஞ்சல் போன்ற பின்னணிச் சேவைகளுக்கு உரியவை. 0 என்பது ரூட், எல்லாம் வல்ல நிர்வாகி. எந்த எண் எந்தப் பெயருக்கு என்பது பாஸ்வேர்ட் கோப்பில், ஏழு பகுதிகள் கொண்ட ஒற்றை வரியாக இருக்கும். பெயருக்குப் பாஸ்வேர்ட் கோப்பு என்றாலும் கடவுச்சொல் இன்று அதில் இல்லை. அதன் மறையாக்க வடிவம் ரூட் மட்டும் மாற்றக்கூடிய ஷேடோ கோப்புக்குப் போய்விட்டது. வரியின் முதல் பகுதியான பயனர் பெயரில் தமிழ் எழுத்தை டெபியன் வழக்கமாக ஏற்பதில்லை. ஐந்தாம் பகுதியான முழுப்பெயரில் தமிழில் எழுதிக்கொள்ளலாம். அதனால் எந்த உரிமையும் கூடாது, குறையாது.

எண்ணை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் படிப்பு முடிந்த மாணவரின் கணக்கை நீக்கிவிட்டு ஜூனில் புதியவருக்குக் கணக்கு தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டெபியனின் ஆட்யூசர் கட்டளை காலியாக இருக்கும் முதல் எண்ணை எடுத்துக் கொடுத்துவிடும். பழைய மாணவர் பொது அடைவில் விட்டுச்சென்ற கோப்புகள் இப்போது புதியவருக்குச் சொந்தம். கணக்கை அழிப்பதைவிட முடக்கிவைப்பதே நல்லது என்று அனுபவமுள்ள நிர்வாகிகள் சொல்வது இதனால்தான்.

குழு. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முதன்மைக் குழுவும் பல துணைக் குழுக்களும் இருக்கலாம். அகலக்கற்றை எட்டாத ஊர்களில் யுஎஸ்பி டேட்டா கார்டு செருகி இணையம் பார்த்த காலத்தில், லினக்ஸில் இது நேரடியாக உறைத்தது. அந்தக் கார்டில் உள்ள மோடத்தை டயல்அவுட் குழுவில் இருப்பவர்தான் நேரடியாகத் திறக்க முடியும். பயனரை அக்குழுவில் சேர்த்த பிறகும் அனுமதி மறுப்புச் செய்தியே திரும்ப வரும். காரணம் எளிது: குழுப் பட்டியல் உள்நுழையும்போது செயல்முறையின்மேல் எழுதப்படுகிறது, ஏற்கெனவே ஓடுபவற்றுக்குப் புதிய சேர்க்கை தெரியாது. வெளியேறி மீண்டும் நுழைந்தால் சரியாகிவிடும்.

செயல்முறை. ஒரு செயல்முறை இன்னொன்றைப் பெற்றெடுக்கும்போது தன் பயனர் எண்ணையும் குழு எண்களையும் அப்படியே கொடுத்துவிடுகிறது. குழந்தைக்குப் புதிதாகக் கிடைப்பது செயல்முறை எண் மட்டுமே. அதுவும் நிரந்தரமல்ல, அது முடிந்த பின் அதே எண் வேறொன்றுக்குப் போகலாம்.

அப்படியானால் சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி? ஷேடோ கோப்பில் எழுத அவருக்கு உரிமை இல்லையே. யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி கண்ட தீர்வு செட்யுஐடி எனப்படும் ஒற்றை பிட். அது இடப்பட்ட நிரலை யார் இயக்கினாலும், அது நிரலின் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும்; கடவுச்சொல் மாற்றும் நிரலின் உரிமையாளர் ரூட். எனவே ஒரு செயல்முறைக்கு உண்மைப் பயனர் எண், செயல்படும் பயனர் எண் என இரண்டு தேவைப்பட்டன. இயக்கியவர் யார் என்பதை முதலாவது சொல்லும். அனுமதிச் சோதனையில் செல்லுவது இரண்டாவது. அதிகாரத்தைத் தற்காலிகமாக இறக்கிவைத்து மீண்டும் எடுத்துக்கொள்ள, சேமித்த எண் என்ற மூன்றாவதும் பின்னர் சேர்ந்தது. ரிட்சியின் இந்த உத்திக்கு 1979-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. யூனிக்ஸில் இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு ஆபத்தாகவும் இன்னொரு யோசனை இல்லை எனலாம்: அந்த பிட் உள்ள ரூட்டின் நிரலில் ஒரு பிழை இருந்தால் கணினி முழுவதும் கைமாறிவிடலாம்.

விண்டோஸ். மடிக்கணினியின் மறுபாதியில் கதை வேறு. விண்டோஸ் என்டி வழியில் ஒவ்வொரு பயனருக்கும் எஸ்ஐடி என்ற நீண்ட அடையாளம் உண்டு; அதில் அந்தக் கணினிக்கே உரிய பகுதியும் அடங்கும். அக்காள் கணினியில் 1000, தம்பி கணினியிலும் 1000 என்ற லினக்ஸ் மோதல் இங்கு பொதுவாக நேராது. லினக்ஸிலோ, லினக்ஸ் வடிவத்தில் அமைத்த பென்டிரைவை இரு கணினிகளிலும் செருகினால், அக்காளின் கோப்புகளைத் தம்பியின் கணினி தம்பியுடையதாகவே காட்டும். ஆனால் விண்டோஸின் காவல் விண்டோஸ் ஓடும்போது மட்டும்தான். பாஸில் தொடங்கினால் லினக்ஸ் விண்டோஸின் வட்டுப் பிரிவைத் தன் விதிப்படி படிக்கும். வட்டு மறையாக்கம் செய்யப்படாதவரை எஸ்ஐடி எதையும் தடுக்காது.

கைபேசியில். ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது. ஒருவர் மட்டுமே கையாளும் கருவியில் பயனர் எண் எதற்கு என்ற கேள்விக்கு, அதை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு செயலியையும் ஒரு பயனராக்கிவிட்டார்கள். நிறுவும்போதே ஒவ்வொன்றும் 10000-இலிருந்து தொடங்கும் வரிசையில் ஓர் எண்ணைப் பெறும். போடியில் ஏலக்காய் வியாபாரியின் கைபேசியில் உள்ள வங்கிச் செயலியின் கோப்புகளை அதே கைபேசியின் விளையாட்டுச் செயலி திறக்க முடியாமல் இருப்பது, முன்பு ஒரே வகுப்பின் 1000-ஐயும் 1001-ஐயும் பிரித்துவைத்த அதே சோதனையால்தான். செயலி கேட்கும் அனுமதிகள் சிலவும் உள்ளே குழு எண்களாகவே வந்து சேர்கின்றன. பழைய பதிப்புகளில் இணைய அனுமதி பெற்ற செயலியின் செயல்முறை 3003 என்ற குழுவில் சேர்க்கப்பட்டது.