கொடுக்கிணைப்புப் பிசின்கள்

நீரில் கரையாத பல்லுறுப்பிச் சட்டத்தின்மேல், உலோக அயனி ஒன்றைப் பல அணுக்களால் ஒருங்கே பற்றவல்ல ரசாயனத் தொகுதிகளைப் பிணைத்து ஆக்கப்பெறும் செயற்கைப் பதார்த்தங்கள் கொடுக்கிணைப்புப் பிசின்கள் எனப்படும்.

உலோக அயனி தன்னைச் சூழும் மூலக்கூறுகளைக் குறித்த எண்ணிக்கையிலும் குறித்த வடிவிலும் இணைத்துக்கொள்ளும் என்று 1893-இல் ஆல்பிரட் வெர்னர் வெளியிட்ட கொள்கையே இத்துறைக்கு அஸ்திவாரம். நண்டு இரு கொடுக்குகளால் இரையைக் கவ்வுவதுபோல ஒரே மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட முனைகளால் உலோகத்தைப் பற்றும் சேர்மங்களுக்கு, 1920-இல் மார்கன், ட்ரூ என்னும் ரசாயன அறிஞர்கள் ‘கொடுக்கிணைப்பு’ என்னும் பொருளுடைய பெயரை இட்டனர். பின்னர் ஸூரிக் நகரில் கெரால்டு ஷ்வார்ட்ஸென்பாக் இப்பிணைப்புகளின் வலிமையை முறையாக அளந்து காட்டினார். பல முனைகளையுடைய மூலக்கூறு வந்து பற்றும்போது, உலோகத்தை முன்பு சூழ்ந்திருந்த நீர் மூலக்கூறுகள் பல ஒருசேர விடுதலை பெறுவதும், அதனால் என்ட்ரோப்பி என்னும் ஒழுங்கின்மை அளவு பெருகுவதுமே அவ்வலிமைக்கு முக்கிய காரணம்.

பிசின்களைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் டெடிங்டன் ஆய்வுக்கூடத்தில் ஆடம்ஸும் ஹோம்ஸும், பீனால் பார்மால்டிஹைடுப் பிசின்கள் அயனிகளைப் பரிமாறிக்கொள்வதை 1935-இல் வெளியிட்டனர். எனினும் அவ்வகைப் பிசின்கள் மின்னூட்டத்தையே பெரிதும் நாடினவேயன்றி, உலோகத்துக்கு உலோகம் நுட்பமாகப் பேதம் காணவில்லை. 1940-களில் நார்வே நாட்டு ஸ்கோக்ஸெய்ட் பொட்டாசியத்தை விசேஷமாக நாடும் பிசினை ஆக்கினார். 1950-களில் பாலிஸ்டைரீன் சட்டத்தில் இமினோடைஅசெட்டிக் தொகுதியை ஏற்றிய டௌவெக்ஸ் ஏ-1 வெளிவந்தபின், கொடுக்கிணைப்புப் பிசின்கள் தொழிற்சாலைப் பொருளாயின.

எந்த அணு எந்த உலோகத்தை விரும்பும் என்பதை 1963-இல் ரால்ப் பியர்சன் வகுத்த கடின அமிலம், மென்மையான அமிலம் என்னும் பாகுபாடு தெளிவாக்கிற்று. கந்தகத் தொகுதிகள் பாதரசத்தையும், பாஸ்போனிக் தொகுதிகள் கால்சியத்தையும் நன்கு பற்றுவது இதற்கு உதாரணம். 1976-இல் ஜப்பானின் நிஷிதே, த்ஸுசிதா முதலியோர், உலோக அயனியையே அச்சாக வைத்துப் பல்லுறுப்பியைக் குறுக்கே பிணைத்து, பின் அயனியை நீக்கி, அதற்கேற்ற இடத்தைப் பல்லுறுப்பியினுள் அமைக்கும் முறையைக் கையாண்டனர்.

டன்னுக்குச் சுமார் 3 மில்லிகிராம் யுரேனியமே கொண்ட சமுத்திர நீரில், அமிடாக்ஸைம் தொகுதிகளை ஏற்றிய பாலிஎத்திலீன் துணியை 1999 முதல் 2001 வரை அமிழ்த்தி, ஜப்பானியர் சுமார் 1 கிலோகிராம் மஞ்சள் யுரேனியப் பொருளைப் பெற்றனர். ஆயினும் அதே தொகுதிகள் வனேடியத்தை மேலும் இறுகப் பற்றிக்கொள்வதால், அதனைக் கழுவி நீக்குவது கடினமாயிற்று. ஆகவே பற்றும் வலிமையொன்றே சிறப்பன்று. வேண்டியதைத் தேர்ந்து பற்றுவதும், அமிலத்தால் கழுவியவுடன் விட்டுக்கொடுத்து மீண்டும் பயன்படுவதுமே நல்ல பிசினின் லட்சணங்களாகும். காஸ்டிக் சோடா ஆலைகளில் உப்புக் கரைசலிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றை நூறு கோடியில் 20 பங்குக்கும் கீழாகக் குறைக்க, இப்பிசின்களே இன்று உலகெங்கும் பயன்பட்டு வருகின்றன.