தேறல்: தெளிவுக்கு ஒரு பெயர்

புறநானூற்றின் 56ஆம் பாட்டில், பாண்டியன் நன்மாறன் யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பொற்கிண்ணத்தில் அருந்துமாறு நக்கீரனார் வாழ்த்துகிறார். 'தேறல்' என்ற சொல்லுக்குக் 'கள்' என்று பொருள் எழுதிக் கடந்துவிடுவது நம் வகுப்பறை வழக்கம். ஆனால் தேறுதல் என்பது தெளிதல். கள் நுரைத்துப் பொங்கி, வண்டல் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிவே தேறல்.

இத்தெளிவுக்காகப் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தார் பட்ட பாடு ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கே திராட்சை மதுவைப் புட்டியில் அடைத்து, சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து இரண்டாம் முறை நொதிக்க விடுகின்றனர். வெளியேற வழியற்ற வாயு, ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தத்துடன் மதுவிலேயே கரைகிறது. மடிந்த ஈஸ்டின் வண்டல் மதுவுக்கு ரொட்டியின் மணத்தைத் தருகிறது. கூடவே கலங்கலையும் தருகிறது. 1816ஐ ஒட்டி, கணவரை இழந்தபின் வணிகத்தை நடத்திய மேடம் கிளிக்கோவின் நிலவறையில் இதற்கு வழி பிறந்தது. துளையிட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகிச் சிறிது சிறிதாகத் திருப்பினால் வண்டல் கழுத்தில் திரளும். திறந்து அதை மட்டும் வெளியேற்றலாம். சுவைப்போர் குமிழியின் நுண்மையைக் கண்ணாலும், மணத்தை மூக்காலும், புளிப்பை நாவாலும் அளக்கின்றனர்.

யவனர் தேறலில் இக்குமிழி இருந்ததெனக் கொள்ள இடமில்லை. அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் கண்ணாடிப் புட்டி 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்தான் உருவாயிற்று. நம் கடற்கரைக்கு மது வந்தது ஆம்போரா என்னும் மண்சாடிகளில். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்திலும் அவற்றின் ஓடுகள் கிடைத்துள்ளன. தாலமி குறித்த மலியார்பா நம் மயிலாப்பூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

குமிழி இல்லாவிடினும் சுவையை வகுத்துச் சொல்லும் மொழி நம்மிடம் இருந்தது. மண்ணில் புதைத்து முதிர்ந்தது, மூங்கிற் குழாயில் விளைந்தது என்று சங்கப் புலவர் பிரித்தறிந்தனர். நாட்பட்டதன் கடுமைக்குப் புறம் 392இல் ஔவையார் தேளின் கொட்டை உவமையாக்கினார். சிறுபாணாற்றுப்படை சினந்த பாம்பைக் காட்டிற்று.

இம்மொழி எங்கே போயிற்று? 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவியது, 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, பின்னர் விலகியது. 1987இல் கள் இறக்கத் தடை வந்தது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில். இந்த அலைக்கழிவில் மது என்பது குற்றம் அல்லது போதை என இரண்டாகவே சுருங்கிவிட்டது. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியதன் நியாயத்தைக் குடியால் சிதைந்த வீடுகள் இன்றும் சொல்கின்றன. யாரையும் குடிக்கச் சொல்வது நம் நோக்கமன்று. ஆயினும் டிகாக்‌ஷனின் தரத்தையும் ராகத்தின் சாயலையும் நுணுகிப் பேசும் மயிலாப்பூரில், நக்கீரர் எதைப் பாராட்டினார் என்பது மாணவனுக்கு விளங்காமற் போவது இழப்பே.

கள்ளை வடிகட்டப் பயன்பட்ட பனையின் நாரிழையே பன்னாடை. சாற்றை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது அதன் இயல்பு. அது இன்று வசைச்சொல்லாக மட்டும் வழங்குகிறது. 'தேறல்' என்பதற்குக் 'கள்' என்று மட்டும் எழுதும் உரையும் அவ்வேலையைத்தான் செய்கிறது.